சோளகக் காற்றும் சைக்கிள் பந்தயத் தொழிலும்

சைக்கிள் பந்தயத்தைத் தொழிலாக எடுக்க நினைக்கிற வன்னிப் பிள்ளைகள் பலர் ரூர் டி பிரான்சின் மலையேற்றங்களைப் பார்த்துவிட்டு, ‘எங்களிட்ட மலை இல்லையே’ என்று சோர்ந்துபோகிறார்கள். மலை இல்லைத்தான். காற்று இருக்கிறது. மட்டமான வீதியில் நூறு பேர் கொண்ட கூட்டத்தைத் துண்டு துண்டாக உடைப்பது பக்கக் காற்று. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கிற எங்கள் வெளிகளில் அந்த வித்தையைக் காசில்லாமல் பழகலாம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி கிழக்கும் தென்கிழக்குமாக ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் போகும்போது வலப்பக்கத்தில் படும். அப்போது நேர் பின்னால் ஓடினால் மறைப்புக் கிடைக்காது. முன்னவரின் பின்சில்லுக்கு இடப்பக்கமாக உங்கள் முன்சில்லு வரவேண்டும். மூன்றாமவர் உங்களுக்கு இடப்பக்கமாக. இந்தச் சாய்வு வரிசையைப் பந்தயக்காரர் எஷலோன் என்பார்கள்.

திறந்த வீதியில் பழக மூன்று பேர் போதும். முன்னவர் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே நிற்க வேண்டும். அவருடைய முறை 30 செக்கனில் முடிந்ததும் காற்று வரும் பக்கமாகவே, அதாவது வலப்பக்கமாக, விலகிப் பின்வாங்குவார். அப்படிப் போகும்போது அவர் உடம்பு மற்றவர்களுக்கு மறைப்பாகிறது. நடுக்கோட்டை ஒருபோதும் தாண்டக்கூடாது. முன்னுக்கு வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. கூட்டினால் பின்வாங்குகிறவர் வரிசையின் வாலைப் பிடிக்க முடியாமல் கழன்றுவிடுவார். வேகம் மாறாமல் இருக்க வேண்டும்.

சில்லுகள் ஒன்றையொன்று தாண்டி நிற்பதால் ஆபத்தும் உண்டு. முன்னவர் சற்று இடப்பக்கம் வெட்டினாலும் விழுவது அவரல்ல, பின்னால் இருப்பவர். குழியைக் கண்டால் வெட்டாமல் கையால் காட்டிக் குரல் கொடுங்கள். நான்காவது ஆள் சேர்ந்தால் அவருக்கு வீதியில் இடமிராது. கரையில் மறைப்பில்லாமல் தனியே போராடுவார். பந்தயத்தில் கூட்டம் உடைவதும் இந்த இடத்தில்தான். அங்கே அகப்பட்டவர் முன்னவரைத் துரத்தக்கூடாது, பின்னால் இருப்பவர்களைக் கூட்டி இரண்டாவது வரிசை தொடங்க வேண்டும்.

முல்லைத்தீவுக்கு அருகிலுள்ள வட்டுவாகல் பாலத்துக்கு முன்னரே திரும்பிவிடுங்கள். திரும்பும் வழியில் காற்று இடப்பக்கம். சாய்வு வரிசை எதிரே வரும் வாகனங்களை நோக்கி விரியும். ஆகவே ஒற்றை வரிசை மட்டும்.

மலைக்குப் பதிலாக எதிர்காற்றைப் பாவிக்கலாம். 53 பல் முன் சக்கரம், 15 பல் பின் சக்கரம், நிமிடத்துக்கு 50 முதல் 60 மிதி. இருந்தபடியே 5 நிமிடம், பிறகு 5 நிமிடம் இளக்கம், இப்படி 5 தடவை. முழங்கால் நொந்தால் அன்றே நிறுத்தி இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். இது கால் வலுவைத் தரும். அரை மணிநேர ஏற்றத்தில் மூச்சை எப்படிப் பங்கிடுவது என்பதை நுவரெலியா போன்ற இடத்தில்தான் பழக முடியும்.

தொழில் என்று வரும்போது படிநிலை இப்படி: 17, 18 வயது ஜூனியர், 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். அணிகளில் மேலே வேர்ல்ட் ரீம், அடுத்தது புரோ ரீம், மூன்றாவது கொன்டினென்ரல். ஆசிய வீரர் பலருக்குக் கதவு திறப்பது மூன்றாம் படியில்தான். அங்கே சர்வதேச சைக்கிள் சங்கம் குறைந்தபட்சச் சம்பளம் விதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் பயணச் செலவு, காப்புறுதி, சைக்கிள் யாருக்குச் சொந்தம் என்பவற்றை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இலங்கைக்குள் மாதச் சம்பளத்தோடு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் படை, பொலிஸ் அணிகளில் இருப்பவர்கள். வன்னிப் பிள்ளைக்கு அது இலேசான தெரிவு அல்ல என்பது எனக்குத் தெரியும். எந்த அணியானாலும் தலைவனைக் காற்றிலிருந்து மறைத்து, போத்தல் சுமந்து, 150 கிலோமீற்றர் உழைக்கிற ஆளைத் தேடும். அந்த வேலைக்கு டொமெஸ்டீக் என்று பெயர். வெற்றிப்பட்டியலில் பேர் வராது. ஆனாலும் பத்து வருடம் சோறு போடக்கூடிய வேலை அது.

வெயிலில் குடிக்க 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். சீனி இதைவிடக் கூடினால் வயிறு பிரட்டும். ஒன்றரை மணிநேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு ஒரு போத்தல்.

அறுவடைக் காலத்தில் தார் வீதியில் நெல் காயும். அதன்மேல் ஏறினால் பிறேக்கும் பிடிக்காதீர்கள், திரும்பவும் வேண்டாம், நேரே உருளவிடுங்கள். கிரவல் தூசி செயினைத் தின்னும். உள் இணைப்பும் வெளி இணைப்பும் சேர்ந்ததை ஒரு சோடியாக எண்ணினால், 12 சோடி 304.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். தாமதித்தால் பின்பற்சக்கரங்களையும் சேர்த்து வாங்க நேரும், அதன் விலை பல மடங்கு.

மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்குக் காற்றுத் திரும்பியதும் ஏ35இல் கணக்குத் தலைகீழாகும்: போகும்போது ஒற்றை வரிசை, பரந்தனை நோக்கித் திரும்பும்போது சாய்வு வரிசை.