லெட் ஃப்ரீ சோல்டரில் நானோ துகள்

கோயம்புத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் பம்ப் கன்ட்ரோலர் போர்டு பண்றவங்களுக்கு. எஸ்ஏசி 305ங்கிற ஈயம் இல்லாத சோல்டர் (வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம்) செம்புல ஒட்டறப்ப நடுவுல செம்பு-வெள்ளீயச் சேர்மம் ஒரு படலமா வரும். அது இல்லாம ஒட்டே இல்லீங்க. ஆனா மோட்டார் ரூம் சூட்டுல வருசக்கணக்கா தடிச்சுட்டே போகும். தடிச்சா நொறுங்கும், அதிர்வுல விரிசல் அங்கதான் ஓடும். ஜாயிண்டை வெட்டி மெருகேத்தி மைக்ராஸ்கோப்புல பாருங்க, கூழாங்கல் அடுக்கின மாதிரி மேடு மேடாத் தெரியும்.

சோல்டர் பேஸ்ட்ல (சோல்டர் பொடியும், உலோகத்தைச் சுத்தப்படுத்தற ஃப்ளக்ஸும் கலந்த பசை) டைட்டானியம் டை ஆக்சைடு, அலுமினா நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத நுண்பொடி) கலந்தா, அது அந்த மேடுகள் மேல படிஞ்சு வளர்ச்சியை மட்டுப்படுத்தும். நிக்கல் வேற மாதிரி, படலத்துக்குள்ளயே கலந்துரும்.

அளவுலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. 0.1ல இருந்து 0.5 சதவீதம் போதும். 100 கிராம் பேஸ்ட்ல உலோகம் சுமார் 88 கிராம், அதுல 0.1 சதவீதம்னா 88 மில்லிகிராம்தான். மில்லிகிராம் தராசு இல்லாம இறங்காதீங்க. 1 சதவீதம் தாண்டினா துகள் கட்டி கட்டியாச் சேர்ந்துக்கும், சோல்டர் சரியாப் பரவாது, உள்ள குமிழி நிக்கும். அளவாப் போட்டாலும் உருகறப்ப ஃப்ளக்ஸோட ஒரு பங்கு வெளிய போயிரும். அதனால போட்ட கணக்கை நம்பாம, ஜாயிண்டுல மிச்சம் எவ்வளவுன்னு சோதிச்சே முடிவு பண்ணுங்க.