தேய்ந்த கப்ளரை வண்டியிலிருந்து கழற்றிய அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாப்கேட் என்கிற குட்டி லோடர் வண்டிக்கு வேலை குறையாது. இடிந்த செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டுக்குள் ஜேசிபி நுழையாது. இதுவோ நின்ற இடத்திலேயே திரும்பும். 1957ல் அமெரிக்காவில் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்யக் கெல்லர் சகோதரர்கள் செய்து கொடுத்த சின்ன லோடரின் வம்சம்தானே, இடுக்கில் புகுவது அதற்குப் பிறவிக்குணம்.

ஆனால் செம்மண்ணும் பழைய சுவரின் சுண்ணாம்புத் தூசியும் கிரீஸோடு கலந்தால், மூட்டுகளைக் கோக்கும் இரும்பு அச்சான பின்னையும், அது உட்காரும் வளையமான புஷ்ஷையும் அரைத்துத் தள்ளிவிடும். எங்கள் வண்டியில், தூக்கும் கைகளோடு பக்கெட்டை மாட்டும் கப்ளரின் லீவரை முழுசாக அழுத்திய பிறகும் பக்கெட் ஆடியது. பக்கெட்டைப் பூட்டும் ஆப்பு மட்டும் தேய்ந்திருந்தால் கப்ளரைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். பக்கெட்டை இறக்கிவிட்டு, கப்ளருக்கும் கைக்கும் நடுவே கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தோம். கீழ்ப் பின் இருக்கும் இடத்திலேயே ஆட்டம். அப்படியென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். இடிப்பு வேலையில் மிஞ்சிய தேக்கு உத்தரத் துண்டுகளை அடுக்கி, கை இரண்டையும் அதன்மேல் இறக்கினோம். கப்ளருக்கு அடியில் தனியாக ஜாக்கி. கையைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்து வேலை பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வண்டியோடு வரும் சப்போர்ட்டை மாட்டாமல் அதைச் செய்யவே கூடாது. இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் பிரஷரையும் இறக்கினோம். ஓடும்போது 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் அது. ஊசித்துளை அளவு கசிவு கூட தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பக்கெட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் பின்கள் சுலபமாக வந்தன. சிலிண்டர் சரிந்து ஹோஸை இழுக்காமல் இருக்கக் கயிறு போட்டுக் கையோடு கட்டிவிட்டோம். கீழ்ப் பின்னில் வலது பக்கம் சரி, போல்டை எடுத்ததும் நகர்ந்தது. இடது பக்கம்தான் அசையவில்லை.

கூட இருந்த தம்பி சம்மட்டியை எடுத்துவிட்டான். "அண்ணே, ஓங்கி ரெண்டு போடவா?"

"பொறுடா, முதலில் ஜாக்கியை ஒரு நூல் இறக்கு."

பின் மேல் கப்ளரின் எடை உட்கார்ந்திருக்கும்வரை என்ன அடித்தாலும் வராது. அடித்த முனை விரிந்து பின் இன்னும் இறுகும். ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, பாரம் விலகும் இடத்தைத் தேட வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான். அந்த இடம் வந்ததும் ஸ்பேனர் வைத்துத் திருகினால் பின் லேசாகச் சுழன்றது. ஆனாலும் வெளியே வரவில்லை.

அப்புறம் வெல்டர் அண்ணனைக் கூப்பிட்டோம். வந்ததும் முதல் வேலையாக, கிரீஸ் ஏற்றும் வாயான கிரீஸ் நிப்பிளைக் கழற்றச் சொன்னார். உள்ளே அடைபட்ட கிரீஸ் சூட்டில் பொங்கி நிப்பிளைத் தோட்டா போலத் தெறிக்க வைக்குமாம். ஹோஸ் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, தண்ணீர் வாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னைச் சுற்றியுள்ள இரும்பை மட்டும் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். பின்னில் தீ படக் கூடாது, அது விரிந்தால் காரியம் கெடும். பித்தளை ராடை வைத்துத் தம்பி அடிக்க, செம்மண் நிறத்தில் கிரீஸ் பிதுங்கி, பின் மெல்ல வந்தது.

துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, விரலால் தடவினாலே படி தெரிந்தது. கிரீஸ் போகும் வாய்க்கால் செங்கல் போல இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் கிரீஸே எட்டாததால்தான் இவ்வளவு தேய்மானம்.

கப்ளர் ஆள் தூக்கும் எடை இல்லை, செயின் பிளாக் போட்டு இறக்கினோம். துளையை மேல்கீழாகவும் குறுக்காகவும் அளந்தபோது மேல்கீழ் அளவு கூடுதலாக, முட்டை வடிவில் இருந்தது. புது புஷ் அதில் நிற்காது. காரைக்குடி லேத் பட்டறையில் துளையை நிரப்பி, இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி கடைந்து தரச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.