தேங்காய்ப்பட்டணத்தில் கேட்ட பிட்டித் தீவு

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் நின்று மேற்கே பார்த்தால் கடலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே தூண்டில் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களுக்கு அந்தக் கடலில் லட்சத்தீவு வரை வழி தெரியும். சுறாவுக்கும் சூரை மீனுக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்கள் இவை.

நான் போனது ஆலா என்ற கடற்பறவைகளைப் பற்றிக் கேட்க. விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "ஆலா கூட்டமா தண்ணிய ஒட்டிச் சுத்துதுன்னா கீழ சூரை நிக்குது மக்களே." சூரை கீழிருந்து விரட்ட, பொடிமீன் மேலே துள்ளும்; ஆலா அதைக் கொத்திக்கொண்டு போகும். படகில் எத்தனை கருவி இருந்தாலும் கண் முதலில் ஆலாவைத்தான் தேடுமாம்.

"அதெல்லாம் எங்கே முட்டை போடும் அண்ணே?"

"பிட்டியில" என்று சட்டென்று பதில் வந்தது.

பிட்டி, லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் கிடக்கும் மணல் திட்டு. மொத்தமே மூன்று ஏக்கர். மரம் கிடையாது, ஆள் கிடையாது. முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஆலா, தவிட்டு நிற ஆலா, பெரிய கொண்டை ஆலா எல்லாம் அங்கே வந்து வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஹியூம் 1875-இல் அங்கே போய் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 2020-இல் பிட்டியைச் சுற்றி 62 சதுர கி.மீ. பரப்பை, லட்சத்தீவின் முன்னாள் எம்.பி. பி.எம். சயீத் பெயரில் கடற்பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள்.

கறுப்பு முதுகு ஆலாவின் வாழ்க்கை எனக்கு இன்னும் வியப்புதான். அதன் இறகு நீரில் நனைந்து ஊறிவிடும், அதனால் கடலில் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது. குஞ்சு பறக்கத் தொடங்கிவிட்டால் வருடக்கணக்கில் காற்றிலேயே கழித்துவிட்டு, முட்டையிடும் வயது வந்த பிறகுதான் தரைக்குத் திரும்பும். வந்தாலும் ஒரே ஒரு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறத்தாழ ஒரு மாதம் அதன்மேல் இருக்கும். சூடு கொடுப்பதைவிட வெயில் படாமல் மறைப்பதுதான் அங்கே பெரிய வேலை. உச்சி வெயிலில் யாராவது கரையிறங்கினால் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும். வந்தவர் முட்டையை எடுக்கவே வேண்டாம், கொஞ்ச நேரம் அங்கே சுற்றினாலே போதும்: திறந்து கிடக்கும் முட்டை மணலில் வெந்துபோகும், இல்லையென்றால் நண்டு இழுத்துக்கொண்டு போகும். படகிலிருந்து ஒரு எலி இறங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உலகில் பல தீவுகளில் கடற்பறவைகளை அழித்தது எலிதான்.

இதை அந்த அண்ணனிடம் சொன்னபோது, முட்டை வெந்துபோகும் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது. பக்கத்திலிருந்த பையன்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். காப்பகம் என்று அறிவித்தாலும் நடுக்கடலில் நாள் முழுக்கக் காவல் நிற்க ஆள் ஏது? படகில் இருப்பவருக்குக் காரணம் தெரிந்திருப்பதுதான் உண்மையான காவல் என்று நினைக்கிறேன். ஆலா இல்லையென்றால் சூரை தேடுவது கஷ்டம் என்பது அவர்களுக்கு நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

மணல் திட்டே நிலைக்குமா என்பது வேறு கவலை. லட்சத்தீவிலேயே பங்காரம் தீவுக்குப் பக்கத்தில் பரளி என்ற குட்டித் தீவுகளில் ஒன்றைக் கடல் முழுதாக அரித்துவிட்டது.

அப்புறம் மணக்குடிக்குப் போனேன். பழையாறு கடலில் சேரும் இடம். ஆற்றுவாய் மணல் திட்டில் கொண்டை ஆலாக்கள் வரிசையாக நின்றன. இங்கே அவை முட்டையிடுவதில்லை, ஓய்வுக்கு வருகின்றன. ஒருவர் தன் நாயை அவிழ்த்துவிட்டு, கூட்டம் பறப்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் போய், அது நெடுந்தூரம் பறந்து வந்த பறவை சார் என்று சொன்னேன். சரி என்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மணக்குடிக்குப் போக நினைப்பவர்கள் நாகர்கோவிலிலிருந்து கிளம்பி டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே போய்விடுங்கள். பைனாகுலர் இருந்தால் பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம், திட்டுக்கு இறங்க வேண்டாம்.