வெள்ளி மையும் சூசூப் பந்தலும்

26 ஜூலை 2025, சனி. ரோஸ் ஹில், மொரீஷியஸ்

குளிர்கால விடுமுறை. காலையிலிருந்தே விடாத தூறல். அக்கா மகன் ஒரு பை நிறையப் படக்கதைப் புத்தகங்களோடு வந்து இறங்கிவிட்டான். போர்ட் லூயிஸில் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கினானாம். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். "இதில் தமிழ் எங்கேடா?" என்றேன். "அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே, மாமா" என்றான். பதினான்கு வயது. வாய்க்குக் குறைவில்லை.

திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு நானும் படிக்க உட்கார்ந்தேன். ஒன்று கண்ணில் உறுத்தியது. கதையில் 'நானோ' (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் பங்கு, அவ்வளவு நுண்மை) என்ற சொல் வந்தால் போதும், ஓவியர் வெள்ளி நிறத்தைத் தொட்டுவிடுகிறார். தோலிலிருந்து பாதரசம்போல் ஏதோ கசிகிறது, கையில் ஏறுகிறது, கத்தியாகிறது, கவசமாகிறது. 1963இல் அயர்ன் மேன் முதன்முதலாக வந்தபோது கவசம் கனத்த உலோகக் கூடு. மார்புத் தகட்டுக்கு மின்னேற்றம் தீர்ந்தால் ஆள் செத்துப்போவார். 2010இல் வந்த கதையில் கவசம் முழுவதும் அவர் உடம்புக்குள்ளேயே கிடக்கிறது. நினைத்த மாத்திரத்தில் வெளியே வருகிறது. எனக்குப் பழைய கூடுதான் பிடிக்கிறது. மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்று ஓடுகிறவனுக்கு ஒரு கதை இருக்கிறது. எல்லாம் தானாக முளைக்கிறவனுக்கு என்ன கதை?

27 ஜூலை, ஞாயிறு

அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். ஆறு வாரமாகியும் ஆறவில்லை. சர்க்கரை. பையன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பாட்டி ரத்தத்தில் நானோ ரோபோக்களை விட்டால் ஒரே பக்கத்தில் ஆறிவிடும்" என்றான். படக்கதைப் பக்கத்தைச் சொல்கிறான்.

29 ஜூலை, செவ்வாய்

அவன் சொன்னதில் தப்பில்லை, அந்தக் கற்பனையே ஓர் இயற்பியலாளர் வாயிலிருந்து வந்ததுதான். 1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபைன்மன் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையில், அறுவை மருத்துவரையே நுண்ணிய இயந்திரமாக்கி விழுங்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்ன யோசனையைக் குறிப்பிடுகிறார். அதற்கடுத்த சில ஆண்டுகளில் படக்கதைக்காரர்கள் ஆளையே சுருக்கத் தொடங்கினார்கள்: 1961இல் தி ஆட்டம், 1962இல் ஆன்ட்-மேன். நம் சித்தர்களின் அணிமாதான், கொஞ்சம் இறுக்கமான உடையோடு. 1986இல் எரிக் டிரெக்ஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் நூல் வந்து, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நுண்ணிய இயந்திரங்களைப் பற்றி உலகம் பேச ஆரம்பித்த பிறகு திசை மாறிவிட்டது. மனிதன் பழைய அளவிலேயே நிற்கிறான், இயந்திரம் அவன் ரத்தத்துக்குள் போய்விட்டது. 1992இல் பிளட்ஷாட் என்ற நாயகன். 1999இல் தி அதாரிட்டி தொடரில் இன்ஜினியர் என்ற பெண். அவளுக்கு ரத்தமே கிடையாது, ஒன்பது பைன்ட் திரவ இயந்திரம்தான்.

இவற்றில் ஒருவர்கூடத் தண்ணீரைச் சரியாக வரையவில்லை என்பதுதான் என் குறை. நமக்கு நீர் இளகியது. அந்த அளவில் இருப்பதற்கோ அது ஆலையில் காய்ச்சிய கரும்புப் பாகு. ஒரு பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட மேற்கொண்டு வழுக்கிப் போகாது, அங்கேயே நின்றுவிடும். போதாததற்கு, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் ஓயாமல் இடிக்கும். கார்த்திகைக் கூட்டத்தில் அகப்பட்ட குழந்தை கதிதான். படக்கதை நானோ ரோபோ மட்டும் ரத்தக் குழாயில் ஜெட் விமானம்போல் பறக்கிறது!

நிறமும் தப்பு. பொன்னை இருபது நானோமீட்டர் அளவுத் துகளாக்கி நீரில் கலந்தால் திராட்சை மதுவின் சிவப்பு வரும். வெள்ளியை அப்படிச் செய்தால் மஞ்சள்! இதைச் சொன்னதும் பையன் வாயைப் பிளந்தான். பிறகு தன் வண்ணப் பெட்டியிலிருந்த வெள்ளி நிறப் பேனாவை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான்.

31 ஜூலை, வியாழன்

இன்னொரு கதையும் அவனுக்குச் சொன்னேன். 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், படைவீரருக்கான நானோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுக்காக அந்நாட்டு ராணுவத்திடம் 5 கோடி டாலர் பெற்றது. விண்ணப்பத்தில் எதிர்காலப் படைவீரர் படம் ஒன்று இருந்தது. அது ராடிக்ஸ் என்ற படக்கதையின் நாயகியைப் பார்த்து வரைந்தது என்று அதைப் படைத்த கனடாவின் மொன்றியால் நகரச் சகோதரர்கள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். எம்.ஐ.டி. வருத்தம் தெரிவித்தது. படக்கதை அறிவியலைக் காப்பியடிக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

"அப்படியென்றால் நான் வரைவதையும் யாராவது திருடுவார்களா?" என்றான். ஆசையோடு கேட்டான்.

2 ஆகஸ்ட், சனி

வெயில் எட்டிப் பார்த்தது. பையனிடம் மொரீஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெத்வியைப் பற்றிப் பேசினேன். நம் பல்கலைக்கழகத்திலேயே ஓர் ஆய்வு மையம் நானோ இழைகளால் மெல்லிய விரிப்புகள் செய்து, சர்க்கரை நோயாளிகளின் புண் ஆற அவை உதவுமா என்று ஆராய்கிறது. கரும்பிலிருந்து பிரித்த செல்லுலோஸையும் அதில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஊசி முனையில் கரைசல், அதற்கு உயர் மின்னழுத்தம்; துளி நீண்டு, தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லிய இழையாக வந்து படிகிறது.

"அந்த இழை என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது. சும்மா கிடக்கும். செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. சண்டை இல்லை, பறத்தல் இல்லை. சும்மா கிடக்கிற நாயகனை எப்படி வரைவது?

5 ஆகஸ்ட், செவ்வாய்

எப்படியோ வரைந்துவிட்டான். பக்கம் முழுவதும் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. அவற்றின்மேல் சுருள் சுருளாகப் பற்றி ஏறும் செல்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். அவன் தினமும் உட்கார்ந்து வரைகிற இடத்துக்கு நேர் எதிரே எங்கள் சூசூப் பந்தல், சௌசௌக் கொடி சுருண்டு ஏறியது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் காலில் எதற்கடா சூசூ காய்க்கிறது?"