பின்னக் கோட்டுக்குக் கீழே பாருங்கள்: நெட் புவி அறிவியல் அனுபவம்

ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் தகுதி தரும் நெட் தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஆய்வு மாணவர் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு நிம்மதி, வாடகை பாக்கி வைத்திருந்த வீட்டுக்காரருக்கு அதைவிட நிம்மதி. எனக்கு மட்டும் கொஞ்சம் எரிச்சல். வாழ்த்துச் சொல்ல அழைக்கிற ஒவ்வொருவரும் அதே மூச்சில் "எந்தக் கைடு படித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். பயிற்சி மையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்ததும், அங்கே மகரந்தவியலை "இதெல்லாம் வராது, அடுத்த பக்கம்" என்று தாண்டிப் போனதும், நான் எழுந்து வந்ததும் தனிக்கதை. அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

பாடத்திட்டம், பிரிவுகள், மைனஸ் மார்க் பற்றியும் எழுதப்போவதில்லை. இதைப் படிக்க வந்தவர்களுக்கு அதெல்லாம் அத்துப்படி. தேர்வின் கடைசிப் பிரிவான சி பற்றி மட்டும் பேசுகிறேன். 80 கேள்விகளில் 25-ஐத் தொட்டால் போதும் என்பதைப் பலர் சலுகையாக நினைக்கிறார்கள். நான் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்: மீதி 55 கேள்விகளை விட்டுவிடு. கனிமங்களின் வாய்பாடும் புதைபடிவங்களின் பெயரும் என் தலையில் ஒட்டுவதில்லை. கணக்கு ஒட்டும். ஆகவே எண்ணோ வரைபடமோ உள்ள கேள்விகளை மட்டுமே குறிவைத்தேன். அதற்குப் பயிற்சியாக இரண்டு திறந்த தரவுத்தொகுப்புகளோடு பல மாதம் குடித்தனம் நடத்தினேன். ஒன்று நியோடோமா, பழங்காலத் தாவரங்களின் மகரந்த எண்ணிக்கைகள் குவிந்து கிடக்கும் இடம். இன்னொன்று ஜப்பானின் கிக்-நெட், நிலநடுக்கத்தின்போது தரை எப்படி ஆடியது என்ற பதிவுகள்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரித்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் நம் கண்முன் வைக்கப்படுவது ஒரு விகிதம். கேள்வி தயாரிப்பவர் விகிதத்தின் மேல் பாதியைப் பற்றிக் கேட்பதுபோலத் தோன்றும். விடை பெரும்பாலும் கீழ்ப் பாதியில் இருக்கும்.

முதலில் மகரந்தம். 1916-ல் லென்னார்ட் வான் போஸ்ட் இன்றைய ஓஸ்லோவில் காட்டிய வரைபடங்கள் தொடங்கி இன்றுவரை மகரந்த வரைபடம் என்றால் பெரும்பாலும் சதவீதம்தான். ஏரிப் படிவிலிருந்து எடுத்த மாதிரியை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் போட்டு மணலைக் கரைத்து, அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் ஒன்பதுக்கு ஒன்று கலந்து மற்ற கரிமப் பொருளை அழித்து, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். ஸ்போரோபொலனின் என்ற கெட்டியான பொருளால் ஆன மகரந்த ஓடு மட்டும் அத்தனைக்கும் தப்பும். 300 மணிகள் எண்ணுகிறார்கள் என்று வையுங்கள்: ஓக் 150, பைன் 90, புல் 60. அதாவது 50, 30, 20 சதவீதம். மேல் அடுக்கில் ஓக் மட்டும் பாதியாகக் குறைந்து 75 ஆகிறது, மற்ற இரண்டும் அப்படியே. இப்போது மொத்தம் 225. பைன் 40 சதவீதம், புல் 26.7 சதவீதம். ஒரு புல்கூடக் கூடுதலாக முளைக்கவில்லை, ஆனால் வரைபடத்தில் புல்வெளி பரவிவிட்டது! "இதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?" என்று கேட்டால் "வறட்சி அதிகரித்தது, புல்வெளி விரிந்தது" என்ற விடை பளபளவென்று முன்னால் நிற்கும். அதைத் தொடாதீர்கள்.

இதற்கு மருந்து, தெரிந்த எண்ணிக்கையில் லைக்கோபோடியம் (பூக்காத ஒரு செடி) வித்துகள் அடங்கிய மாத்திரை. 1971-ல் ஸ்டாக்மார் எழுதிய முறை. 1 கன செ.மீ. மாதிரியில் 12,000 வித்துகள் சேர்க்கிறோம். 300 மகரந்தம் எண்ணும்போது 100 லைக்கோபோடியம் கண்ணில் படுகிறது. அப்படியானால் 300-ஐ 100-ஆல் வகுத்து 12,000-ஆல் பெருக்க, கன செ.மீ.க்கு 36,000 மணிகள். 1 செ.மீ. படிய 20 ஆண்டு ஆனது என்றால், 20-ஆல் வகுக்க, சதுர செ.மீ.க்கு ஆண்டுக்கு 1,800 மணிகள். இந்த எண் பக்கத்து மரத்தின் தயவை எதிர்பார்க்காது. காலக்கணிப்பின் தயவை எதிர்பார்க்கும், அது வேறு வம்பு.

நியோடோமாவில் ஒரு கோப்பை இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தாவரப் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குழுக் குறியீடு இருக்கும்: மரமும் புதரும் ஒரு குழு, மேட்டுநிலச் செடிகள் ஒரு குழு, நீர்த்தாவரம் ஒரு குழு. மொத்தத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கரிச்சேற்று நிலத்தில் கோரை அங்கேயே முளைத்து அங்கேயே மகரந்தம் உதிர்க்கும். அதைக் கூட்டுத்தொகையில் விட்டுவைத்தால் சுற்றியுள்ள காடு முழுவதும் கோரைக்குள் அமுங்கிவிடும். ஒரே கோப்பைக் கோரையோடு ஒரு முறையும் கோரை இல்லாமல் ஒரு முறையும் வரைந்து பாருங்கள். ஒரு மாலை வேலை. எந்த கைடும் இதைச் சொல்லித் தராது.

நம் நீலகிரியையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே சோலையும் புல்வெளியும் பல்லாயிரம் ஆண்டுகளாக இடம் மாற்றி விளையாடியிருக்கின்றன. புல்லின் மகரந்தம் ஒற்றைத் துளையோடு உருண்டையாக, எல்லாப் புல்லுக்கும் ஒரே முகம். ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தால் வேறுபடும் சி3 புல்லா, சி4 புல்லா என்று சாதாரண நுண்ணோக்கியில் பிரிக்க முடியாது. அதனால்தான் நீலகிரிக் கரிச்சேற்றில் கார்பன் ஐசோடோப்பை அளந்து 1993-ல் வெளியான ஆய்வு அவ்வளவு பேசப்பட்டது. கார்பன்-13 அளவைக் காட்டும் எண், ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில், சி3 தாவரத்தில் சுமார் மைனஸ் 27, சி4-ல் சுமார் மைனஸ் 13. இடையில் ஓர் எண்ணைக் கொடுத்து "சி4 பங்கு எவ்வளவு?" என்றால் கணக்கு அரை நிமிட வேலை. மைனஸ் 20 என்றால் சரிபாதி.

இனி தரை ஆட்டம். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் அமைத்த வலைப்பின்னல்தான் கிக்-நெட். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கருவி தரையில், இன்னொன்று ஆழ்துளைக்குள். பதிவு செய்துகொண்டால் தரவு இலவசம். கோப்பைத் திறந்தால் முதல் 17 வரி தலைப்பு, அதில் ஒரு வரியில் அளவுக் காரணி பின்னமாகவே எழுதியிருக்கும். அதற்குக் கீழே முழு எண்களாக நெடுக ஓடும். பின்னத்தால் பெருக்கி, சராசரியைக் கழித்தால்தான் 'கல்' (நொடி வர்க்கத்துக்கு 1 செ.மீ.) அலகில் முடுக்கம் வரும். சராசரியைக் கழிக்காமல் வரைந்தால் பூமியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கோப்பின் பெயர்க் கடைசியில் 1 என்றால் ஆழ்துளை, 2 என்றால் தரை.

தரையின் அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்ற வரைபடத்தை) ஆழத்தின் அலைமாலையால் வகுத்தால் மண் எவ்வளவு பெருக்கியது என்று தெரியும் என்பார்கள். இங்கேதான் கீழே பார்க்க வேண்டும். ஆழத்தில் இருக்கும் கருவி மேலே ஏறும் அலையை மட்டும் பதிவதில்லை, தரையில் மோதித் திரும்பி இறங்கும் அலையையும் பதிகிறது. சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீழ் எண் பள்ளத்தில் விழுந்தால் விகிதம் மலையேறும். 800 மீ/வி வேகம் கொண்ட ஒரே சீரான பாறையில் 100 மீட்டர் ஆழத்தில் கருவி வையுங்கள். மென்மண் அடுக்கே கிடையாது. ஆனாலும் 800-ஐ 400-ஆல் வகுத்த 2 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம் எழும். அது மண்ணின் சிகரமே அல்ல, கருவி வைத்த ஆழத்தின் சிகரம். நான் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளச் செலவிட்ட நேரத்தில் இரண்டு பாடநூல்களைப் புரட்டியிருக்கலாம். வருத்தமில்லை.

வகுப்பதற்கு வேறு ஆட்களும் உண்டு. 1970-ல் போர்செர்ட் சொன்னபடி பக்கத்துப் பாறைப் பதிவால் வகுக்கலாம். அந்தப் பாறையே உளுத்திருந்தால் அதுவும் ஆட்டத்தைப் பெருக்கும், விகிதம் குறைத்துக் காட்டும். 1989-ல் நகமுரா பரப்பிய முறையில் கிடைமட்ட ஆட்டத்தைச் செங்குத்து ஆட்டத்தால் வகுக்கிறோம். செங்குத்தை மண் தொடாது என்பது அதன் எடுகோள். சிகரம் எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பதை நம்பலாம். அதன் உயரத்தைப் பெருக்க அளவு என்று எழுதாதீர்கள்.

தரையின் மேல் 30 மீட்டரில் அலை செல்லும் சராசரி வேகக் கணக்கிலும் இதே பாடம். மேலே 10 மீட்டர் 150 மீ/வி, அதன் கீழ் 20 மீட்டர் 500 மீ/வி. வேகங்களை தடிமனுக்கேற்ப நேரடியாகச் சராசரி எடுத்தால் 383, நெஹ்ர்ப் என்ற அமெரிக்க நிலநடுக்க விதிகளின் பழைய மண் வகைப்பாட்டில் சி வகுப்பு. அது தவறு. அலை கடக்கும் நேரத்தைக் கூட்டி 30 மீட்டரை அதனால் வகுக்க வேண்டும்: 0.067-உம் 0.04-உம் கூட்டினால் 0.107 நொடி, விடை 281, டி வகுப்பு. நான்கு விடைகளில் 383 கட்டாயம் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தரவுகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஊர் எனக்குப் பிடித்துப்போன காட்மாண்டு. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரி. அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் வண்டல், அதில் காளிமாட்டி எனப்படும் கருங்களி. காற்றுப் புகாத அந்தக் களியில் மகரந்தம் அழியாமல் இருக்கிறது. துளையிட்டு எடுத்த நீண்ட மாதிரிகளில் பனியுகக் குளிரும் இடைவெப்பமும் மாறி மாறி வந்ததைப் படிக்கிறார்கள். அதே களிதான் 25 ஏப்ரல் 2015 அன்று 7.8 அளவு கோர்க்கா நிலநடுக்கத்தில் நகரத்தை 4 முதல் 5 நொடி அலைவு நேரத்தில் ஊஞ்சலாட்டியது. சுவையான விஷயம் இதுதான்: உச்ச முடுக்கத்தை மட்டும் பார்த்தால் கீர்த்திபூர் பாறை நிலையத்தின் எண் பள்ளத்தாக்கின் சில வண்டல் நிலையங்களைவிட அதிகம்! "மென்மண் பெருக்கும்" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே குப்புற விழுவார். எந்த அதிர்வெண்ணில் பெருக்கும் என்று கேட்க வேண்டும். நீண்ட அலைவில் களி பெருக்கியது, குறுகிய அலைவில் விழுங்கியது. தாழ்ந்த வீடுகள் பல எதிர்பார்த்ததைவிடத் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1985 மெக்சிகோ நகரமும் ஏரிக்களிதான். 38 மீட்டர் களி, 75 மீ/வி வேகம். தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் 2 நொடி. நடுத்தர உயரக் கட்டடங்கள் விழுந்த காரணம் அந்த 2 நொடிக்குள் இருக்கிறது. நிலநடுக்க மையமோ 350 கி.மீ.க்கு மேல் தள்ளிப் பசிபிக் கடற்கரையில்.

கைக்குறிப்பில் இருந்து, வரிசை பார்க்காமல்:

– காலக்கணிப்பில் 'பி.பி.' என்றால் 1950-க்கு முன். பழைய மாதிரிகளில் திருத்தப்படாத ரேடியோகார்பன் ஆண்டு இருக்கும். அதையும் திருத்திய ஆண்டையும் ஒரே அச்சில் வைக்காதீர்கள்.
– கார்பன்-14 அரைவாழ்வு 5,730 ஆண்டு. லிபி பயன்படுத்தியது 5,568. வழக்கமான ரேடியோகார்பன் வயது இன்றும் இரண்டாவதைத்தான் பயன்படுத்துகிறது.
– பைனுக்கு இரு காற்றுப்பைகள், நெடுந்தூரம் பறக்கும். 10 சதவீதம் பைன் இருந்தால் பைன் காடு இருந்தது என்று பொருளல்ல.
– பூச்சியை நம்பும் மரம் காட்டில் நிறைந்திருக்கும், வரைபடத்தில் இராது.
– கீரைக் குடும்பத்து மகரந்தம் கோல்ஃப் பந்துபோல உடலெங்கும் துளை. படம் கொடுத்தால் இனாம் மதிப்பெண்.
– 1 ஜி என்பது 981 கல்.
– பழைய நெஹ்ர்ப்பில் டி வகுப்பு 180 முதல் 360 மீ/வி. ஈ வகுப்பு அதற்குக் கீழ்.
– வலுவான ஆட்டத்தில் மண்ணின் விறைப்பு குறையும், தணிப்பு கூடும், சிகரம் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு நகரும்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். நான் இரவுப் பூனை. குழுவாகப் படிக்கவும் எனக்கு வராது, இன்னொருவர் வேகம் என்னை விரட்டும். உங்களுக்குக் கூட்டுப் படிப்பு ஒத்துவந்தால் ஒருவர் வரைபடம் வரைய, மற்றவர் அச்சின் தலைப்பை மறைத்துக்கொண்டு ஊகிக்கட்டும். மாதிரித் தேர்வுகளைக் குவிக்காதீர்கள். நினைவாற்றல் உள்ளவர்களுக்கு இந்த முழு அறிவுரையும் வீண். அவர்கள் பி பிரிவிலேயே கரையேறிவிடுவார்கள்.

தேர்வு அறையில் ஒரே ஒரு பழக்கம் வைத்திருந்தேன். படம் உள்ள கேள்வி வந்தால் விடைகளைப் படிக்கும் முன் இரண்டு அச்சுகளின் அலகையும் வெற்றுத்தாளில் எழுதிவிடுவேன். அலகு இல்லாத அச்சு என்றால் அது விகிதம். விகிதம் என்றால் எதனால் வகுத்தார்கள் என்று கேள்வியில் தேடு. கேள்வியில் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிடு, வேறு 79 இருக்கின்றன.

அடுத்து ஆய்வுப் படிப்புக்கான நேர்முகங்கள். மகரந்தம் பக்கம் போக நினைப்பவர்கள் லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தையும், 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தத் தொகுப்பையும் பார்த்து வையுங்கள். நேர்முகத்துக்கு ஒரே ஒரு வரைபடத்தை நீங்களே வரைந்து எடுத்துச் செல்லுங்கள், மூலத் தரவின் எண்ணிக்கைப் பட்டியலையும் அதன் பின்பக்கத்தில் அச்சிட்டு.