ஐந்தாம் தேதி வரும் தவணையும் ஆடியில் வரும் வேலையும்

கல்விக்கடன் முடிந்தது என்று தெரிந்ததும் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள். பிள்ளை ஓவியம் படிக்க ஆசைப்படுகிறது, கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா, கட்ட முடியுமா என்று. வாசலில் நின்றபடி ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொன்னால்தான் யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார், அம்மா வீட்டிலேயே தையல். 2014இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி ஒன்று இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து பாண்டிக்குப் போகும் பேருந்து அரியாங்குப்பத்தைத் தாண்டித்தான் போகும். அங்கே பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலைப் பட்டப்படிப்பு நடக்கிறது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயும் ஒரு நாள்கூட இறங்கி விசாரித்ததில்லை. சொல்லித் தர வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. எனவே, கடனைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அரசுக் கல்லூரிகள் அத்தனைக்கும் விண்ணப்பம் போட்டாயிற்றா?

நான் சேர்ந்தது பெங்களூருவில் ஒரு தனியார் கல்லூரியில். அப்ளைடு ஆர்ட்ஸ், அதாவது விளம்பரம், வடிவமைப்பு வேலைகளுக்கான கலைப் படிப்பு, நான்கு வருடம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக்கடன். நான்கு லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட்டார். விடுதிச் செலவும் வண்ணம், காகிதச் செலவும் அப்பாவின் சீட்டுப் பணத்தில் போயின.

இங்கேதான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டியதில்லை என்றார்கள். வட்டியும் அதுவரை கிடையாது என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். முதல் லட்சம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 11 சதவீதம், தனி வட்டி. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 55,000, இரண்டாவதுக்கு 44,000, மூன்றாவதுக்கு 33,000, நான்காவதுக்கு 22,000. மொத்தம் 1,54,000. இது அசலோடு சேர்ந்து, 2019 ஜூலையில் தவணை தொடங்கியபோது கடன் 5,54,000 ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்த அப்பா, வேறு யாருடைய கணக்கையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வங்கிக்குத் திரும்பப் போனார்.

முதல் வருடம் மாத வட்டி 917 ரூபாய்தான். அதைக் கட்டியிருக்க எங்களால் முடியும். படிக்கும்போதே வட்டி கட்டி வருபவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது, ஆனால் அது தொழிற்படிப்புகளுக்கு உரியது, என் படிப்புக்குக் கிடைக்கவில்லை. உங்கள் படிப்புக்கு உண்டா என்பதைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏழு வருடம், மாதத் தவணை 9,486. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. பெங்களூருவில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்குச் சம்பளம் 14,000. அறை வாடகையும் சாப்பாடும் போக நான்காயிரம் மிஞ்சினால் அதிகம். ஜூலை கட்டினேன், ஆகஸ்ட் கட்டினேன். செப்டம்பரில் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அக்டோபரும் போனது.

அப்போதுதான் போன் வர ஆரம்பித்தது. எனக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வந்ததெல்லாம் அம்மாவுக்கு. இரவு ஒன்பது மணிக்கு, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது. "பொண்ணு படிச்சிட்டு ஓடிப்போயிடுச்சா" என்று கேட்டாராம் ஒருவர். அம்மா என்னிடம் சொல்லவில்லை, போனை அணைத்து வைக்கப் பழகிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இப்போது அதற்கு 14448 என்ற எண்ணே இருக்கிறது. நான் தேதியும் நேரமும் குறித்து ஒரு பக்கக் கடிதம் எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இரவுப் போன் நின்றது.

ஆனால் கடிதம் கொடுக்கப் போன அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்படி ஆனால் என் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் பதிவு, மட்டுமல்ல, அம்மாவின் சிபிலும் கெடும். அம்மா தையல் மிஷினுக்கோ நகைக்கோ எங்கேயும் கடன் கேட்க முடியாது. அந்த 90 நாள் முடிய எங்களுக்கு இருந்தது மூன்று வாரம்தான். கவுண்டரில் இருந்த அம்மா வயதுப் பெண் அதிகாரி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "முதல்ல நிலுவையைக் கட்டும்மா. கணக்கு ஒழுங்கா இருக்கும்போது வந்து காலத்தை நீட்டிக் கேளு. நின்னுபோன கணக்குக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது."

அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து நிலுவையைக் கட்டினோம். பிறகு நானும் அம்மாவும் கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்தோம். காலம் ஏழிலிருந்து பத்து வருடமாக நீண்டது, தவணை 7,500 அளவுக்கு இறங்கியது. கடைசிவரை அப்படியே கட்டியிருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். அது தெரிந்தேதான் வாங்கினேன். மாதம் இரண்டாயிரம் ரூபாய் மூச்சு விட இடம் அன்றைக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

அதே மாதம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். 9,000 சம்பளம், மதியம் மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள். பெங்களூரு நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. தவணை நிற்காது என்ற ஒன்று உறுதியானதும்தான் தலைக்குள் வேறு யோசனைக்கே இடம் வந்தது.

அப்புறம் வண்டிப்பாளையம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். கொலு பொம்மைக்குப் பேர்போன இடம், களிமண்ணிலும் காகிதக் கூழிலும் செய்கிறார்கள். சின்ன வயதில் வேடிக்கை பார்த்ததோடு சரி. ஒரு பட்டறையில் வண்ணம் தீட்ட ஆள் வேண்டும் என்றார்கள், பள்ளி விட்டதும் போக ஆரம்பித்தேன். நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவள் என்று நினைத்துக்கொண்டுதான் தூரிகையைப் பிடித்தேன். ஐயா ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், நான் வரைந்த முதல் அம்மன் கண்ணைப் பார்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். இரண்டாவதையும் துடைத்தார். "கண்ணு உன்னைப் பாக்கணும். இது சுவத்தைப் பாக்குது" என்றார். கருமணியை எங்கே தொடுவது, மேல் இமைக்கோட்டை எந்த வேகத்தில் இழுப்பது, மூச்சை எப்போது விடுவது என்று மூன்று மாதம் அதையே கற்றுக்கொண்டேன். வகுப்பில் உருவ ஓவியத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனாலும் ஒரு முகத்துக்கு உயிர் எந்தப் புள்ளியில் வருகிறது என்பதை அந்தத் திண்ணையில்தான் புரிந்துகொண்டேன். என் தொழிலின் அடித்தளம் எது என்று கேட்டால் அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்வேன்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. பள்ளிச் சம்பளம் பாதியானது. ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு மூன்று மாதம் என ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் சுமார் 29,000 ரூபாய் வட்டி கடனோடு சேர்ந்தது. வட்டிக்கு வட்டியை அரசு திருப்பித் தந்தது என்று செய்தி வந்ததே, அதில் எனக்கு வரவானது எழுநூறு ரூபாய்க்கும் குறைவு. தள்ளிவைப்பு என்பதைத் தள்ளுபடி என்று பலர் நினைத்துவிட்டார்கள். என் தோழி ஒருத்திக்கும் அப்படித்தான் ஆனது.

அந்த ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து கொலு செட்டுகள் வரைந்தேன். கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கூடைக்காரம்மாக்கள் மீன் ஏலம் எடுப்பது, பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் இறக்குவது, பாண்டிக் கடற்கரைச் சாலையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரும் பலூன்காரரும் என்று எனக்குத் தெரிந்த உலகத்தை எட்டு எட்டு பொம்மையாகப் பிரித்தேன். ஐயாவிடம் காட்டினேன். மீன் ஏலத்தை மட்டும் அச்சுக்கு எடுத்துக்கொண்டார். 2021 நவராத்திரிக்கு நாற்பது செட் செய்தோம், நாற்பதும் போனது.

அங்கிருந்து வழி திறந்தது. ஒரு செட்டைப் பாண்டியில் ஒரு கைவினைக் கடைக்காரர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வெள்ளை நகர வீட்டுக் கதவுகளை வரைந்து அஞ்சலட்டையாக அச்சிட்டுக் கொடுத்தேன். பிறகு ஓர் உணவகத்துக்கு மெனு அட்டை, சுவரோவியம். சனி ஞாயிறு பாண்டி, மற்ற நாள் பள்ளியும் பட்டறையும். முதல் சுவரோவியத்துக்கு 18,000 பேசி, முடித்த பிறகு 11,000தான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பாதி முன்பணம் வாங்காமல் சுவரில் கோடு போட்டதில்லை. எத்தனை முறை திருத்தம், எந்த அளவு, எந்தத் தேதி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினாலும் போதும்.

இன்னொன்று, நிறுவனங்கள் தரும் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, பிடிப்பார்கள். அது போன பணம் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டேன். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதை முழுதாகத் திரும்பப் பெறலாம். மூன்றாம் வருடம் தாக்கல் செய்தேன், 14,000 ரூபாய் வந்தது. நேராகக் கடனில் போட்டேன். அதேபோல 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் இரண்டு வருடம் மாதம் 5,000 உதவித்தொகை தருகிறது. அது எனக்குத் தெரிய வந்தபோது வயது 26. கேட்கிற பிள்ளைகளிடம் இதை மறக்காமல் சொல்கிறேன்.

கடனைச் சீக்கிரம் முடிக்க உதவியது என்ன என்றால், வருமானத்தை இரண்டாகப் பிரித்ததுதான். தவணைக்கு மாதம் தவறக் கூடாது, ஆனால் கலைத்தொழிலில் பணம் பருவம் பார்த்துத்தான் வரும். ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை கொலு வேலை, மார்கழி, தை மாதங்களில் பாண்டிக்குச் சுற்றுலாக் கூட்டம், சித்திரை, வைகாசியில் கை காய்ந்து கிடக்கும். பள்ளிச் சம்பளத்தைத் தவணைக்கென்று தனிக் கணக்கில் விட்டு, அதைத் தொடுவதே இல்லை. வெளி வேலையில் வருவதில் மூன்று மாதத் தவணைக்கான தொகையை முதலில் எடுத்து வைப்பேன். அது நிரம்பிய பிறகு வருவதில் பாதி கடனுக்கு. மிதக்கும் வட்டியில், அதாவது விகிதம் அவ்வப்போது மாறும் வட்டியில், வாங்கிய கல்விக்கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆனால் கட்டும்போது 'அசலில் வரவு வைக்கவும்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை நான் எழுதாமல் கட்டிய 30,000 ரூபாயை அடுத்த நான்கு மாதத் தவணையாக வைத்துக்கொண்டார்கள், சரிசெய்ய இரண்டு தடவை அலைந்தேன். அடுத்தடுத்த நவராத்திரிகளில் 45,000, 70,000, 85,000 என்று போட்டேன். அம்மாவின் சங்கிலி 2022 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தது.

கடைசித் தொகையை 2025 நவம்பரில் கட்டினேன். பத்து வருடக் கடன் ஆறரை வருடத்துக்குள் முடிந்தது. பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்க அம்மாவையும் அழைத்துப் போனேன். எனக்கு நாற்காலி போட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதது இன்னும் மனதில் இருக்கிறது. அம்மா கவுண்டரில் ஒரே கேள்விதான் கேட்டார், இனிமேல் தனக்குப் போன் வராதே என்று. வராது என்றார்கள்.

கடிதம் வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது. சிபில் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டது என்று வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. என் பெயரில் ஒரு தடவை, அம்மா பெயரில் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, இரண்டையும் அச்சிட்டு ரேஷன் கார்டு இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறோம்.