யார் தலையில் யார் கத்தரிக்கோல்?

பள்ளிக்கூடத்துக்கு விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகத்தில் அடுப்பு எரியும்போது நீள முடியைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடி கொஞ்சம் காதைத் தொட்டுவிட்டது என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் கத்தரித்துவிட்டு வகுப்புக்கு அனுப்புகிறார்களே, அது என்ன ஒழுக்கம்? அந்தப் பிள்ளை அன்று முழுக்க வெட்டுப்பட்ட இடத்தைக் கையால் மறைத்தபடியே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பாடம் எங்கே மண்டையில் ஏறும்?

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது. மாண்பு என்பதில் முடியும் சேர்த்திதான்.

இதைப் பிள்ளைகளே உலகத்துக்குப் புரியவைத்திருக்கிறார்கள். 2016-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் கறுப்பின மாணவிகள் தங்கள் இயல்பான சுருள்முடிக்காகப் பள்ளியிலேயே போராடினார்கள். முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 2019-இல் கலிபோர்னியா சட்டம் போட்டுத் தடுத்தது. முடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியை 2022-இல் டோக்கியோ அரசு உயர்நிலைப் பள்ளிகள் கைவிட்டன. பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள பிள்ளையைச் சாயம் பூசச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? விதியை எழுத்தில் கேளுங்கள். காரணத்தையும் கேளுங்கள். விதி போடும்போது மாணவர்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். தங்களைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை அதே உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு அவர்களுக்குத் தருகிறது. பிள்ளையின் தலையில் யாராவது கத்தரிக்கோல் வைத்தால், அன்றைக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.